அம்மா வரும், அப்பா வராது: ‘ஸ்மைல் பிங்கி’யை மறுபடி பார்த்தபோது

2009 பிப்ரவரியில் ஏ.ஆர். ரஹ்மான் இரண்டு ஆஸ்கர் வாங்கிய அதே இரவில் இந்தியாவில் எடுக்கப்பட்ட இன்னொரு படமும் ஆஸ்கர் வாங்கியது. நிறைய பேருக்கு ஞாபகம் இருக்காது. மேகன் மைலன் இயக்கிய ‘ஸ்மைல் பிங்கி’, 39 நிமிட ஆவணப்படம். அப்போது அதைப் பார்த்துக் கண் கலங்கியவர்களில் நானும் ஒருவன். போன மாதம் மறுபடி பார்த்தேன். இந்த முறை கண் கலங்கவில்லை, எரிச்சல்தான் வந்தது. அந்த எரிச்சல் நியாயமானதுதானா என்று பார்க்கத்தான் இந்தக் குறிப்பு.

கதை எளிமையானது. உத்தரப் பிரதேசத்தின் மிர்சாபூர் மாவட்டத்தில் ஒரு ஏழைக் குடும்பம். அதில் பிங்கி என்ற சிறுமி, பிறவியிலேயே மேலுதடு பிளந்தவள். ஊர் ஊராகப் போய் இப்படிப்பட்ட குழந்தைகளைத் தேடும் ஒரு சமூகப் பணியாளர் அவளைக் கண்டுபிடிக்கிறார். வாரணாசியில் டாக்டர் சுபோத் குமார் சிங்கின் மருத்துவமனையில் இலவசமாக அறுவை சிகிச்சை நடக்கிறது. செலவை ஏற்பது ‘ஸ்மைல் ட்ரெய்ன்’ என்ற அமெரிக்கத் தொண்டு நிறுவனம். பிங்கி சிரிக்கிறாள். அந்தச் சிரிப்பு பிற்பாடு விம்பிள்டன் வரைக்கும் போனது. 2013 ஆண்கள் இறுதி ஆட்டத்துக்கு நாணயம் சுண்டியது பிங்கிதான்.

படத்தைக் குறை சொல்வதற்கு முன் அதன் நேர்மையையும் சொல்லிவிட வேண்டும். கிரகணத்தில் பிறந்த குழந்தை, முன்ஜென்ம பாவம் என்று ஊர் பேசிக்கொண்டிருந்த ஒரு குறையை, ‘இது சரிசெய்யக்கூடியது’ என்று ஆயிரக்கணக்கான வீடுகளுக்குச் சொன்ன படம் இது. பிங்கிக்கு இருந்தது உதட்டுப் பிளவு. உதட்டுப் பிளவை ஒரு அறுவை சிகிச்சையில் பெரும்பாலும் சரிசெய்துவிடலாம். அதனால் பிங்கியின் கதையைப் பொறுத்தவரை படம் பொய் சொல்லவில்லை.

பிரச்சினை என்னவென்றால், அந்தக் கதை பிங்கியோடு நிற்கவில்லை. பிளவு என்றாலே இதுதான் கதை என்று ஆகிவிட்டது. அந்தக் காலத்து நன்கொடை விளம்பரங்களில் ஒரு கணக்கு வரும்: 250 டாலர், 45 நிமிடம், ஒரு புதிய வாழ்க்கை. முன்னால் ஒரு படம், பின்னால் ஒரு படம். உதட்டுக்கு அந்தக் கணக்கு ஓரளவு பொருந்தும். அண்ணத்துக்குப் பொருந்தாது.

அண்ணம் வாய்க்குள் இருக்கிறது. கேமராவுக்குத் தெரியாது. உலகத்தில் சுமார் 700 குழந்தைகளில் ஒன்று உதட்டிலோ அண்ணத்திலோ இரண்டிலுமோ பிளவோடு பிறக்கிறது. அண்ணம் பிளந்த குழந்தைக்குத் தையல் போட்ட பிறகும் பேச்சு வர வேண்டும். அது வந்ததா இல்லையா என்பது மூன்று நான்கு வருஷம் கழித்துத்தான் தெரியும். ‘பின்னால்’ படம் எடுத்தவர் அதற்குள் ஊருக்குப் போயிருப்பார்.

*

எனக்கு இதெல்லாம் புத்தகத்தில் படித்துத் தெரிந்ததில்லை. என் அக்கா பையன் 2014-இல் அண்ணப் பிளவோடு பிறந்தான். உதடு நன்றாக இருந்தது, பார்த்தால் ஒன்றும் தெரியாது. பால் குடித்தால் மூக்கு வழியாக வந்ததால்தான் கண்டுபிடித்தோம். ஒன்றரை வயதில் ஒரு மருத்துவமனையில் இலவசமாகத் தைத்தார்கள். “எல்லாம் சரியாப் போச்சு, கூட்டிட்டுப் போங்க” என்று அனுப்பிவிட்டார்கள். பேச்சைப் பற்றி யாரும் ஒரு வார்த்தை சொல்லவில்லை. நாங்களும் கேட்கவில்லை.

பையன் பேச ஆரம்பித்தான். என்னைக் கூப்பிடுவதில் அவனுக்குச் சிரமமே இல்லை: “மாமா”. அக்காவையும் கூப்பிடுவான்: “அம்மா”. அக்கா வீட்டுக்காரரையும் ‘அம்மா’ என்றுதான் கூப்பிட்டான். நாங்கள் எல்லோரும் சிரித்தோம். “பாருய்யா, உன்னையும் அம்மாங்கிறான்” என்று அவரைக் கிண்டல்கூட செய்திருக்கிறேன். அவன் ‘அப்பா’ என்று சொல்லத்தான் முயற்சி செய்துகொண்டிருந்தான் என்பது எனக்குப் புரிய மூன்று வருஷம் ஆனது.

நாம் ஐந்தாம் வகுப்பில் படித்த இன எழுத்தை நினைத்துப் பாருங்கள். க-ங, ச-ஞ, ட-ண, த-ந, ப-ம, ற-ன. வல்லினமும் மெல்லினமும் ஜோடி ஜோடியாக இருக்கின்றன. ஒவ்வொரு ஜோடியிலும் நாக்கும் உதடும் ஒரே இடத்தில்தான் ஒட்டும். அப்புறம் என்ன வித்தியாசம்? வாயின் பின்பக்கம் இருக்கும் மெல்லண்ணம் மேலெழும்பி மூக்குக்குப் போகும் வழியை அடைத்தால் ‘ப’. அடைக்காமல் விட்டால் ‘ம’. தொல்காப்பியத்தின் பிறப்பியல் இதைத் தெளிவாகவே சொல்கிறது. தலை, மிடறு, நெஞ்சு, பல், இதழ், நா, மூக்கு, அண்ணம் என்று எழுத்து பிறக்கும் எட்டு இடங்களை எண்ணிவிட்டு, மெல்லெழுத்து ஆறும் தத்தம் இடத்திலேயே பிறந்தாலும் மூக்கின் காற்றைச் சேர்த்துக்கொள்ளும் என்கிறது.

மெல்லண்ணம் அந்த வழியை அடைக்க முடியாத குழந்தைக்கு வல்லினம் முழுக்க மெல்லினத்தின் பக்கம் சரிந்துவிடும். ‘பாட்டி’ ‘மாண்ணி’ மாதிரி ஆகும். அம்மா, மாமா இரண்டும் தப்பித்துக்கொள்ளும். அப்பா, அக்கா, தாத்தா, பாட்டி நான்கும் மாட்டிக்கொள்ளும். சில குழந்தைகள் இன்னொரு வழி கண்டுபிடிக்கும். வாயில் காற்றைத் தேக்க முடியாததால் தொண்டையிலேயே வெட்டி நிறுத்தும். ‘அப்பா’ என்பது ‘அ’வுக்கும் ‘ஆ’வுக்கும் நடுவில் ஒரு விக்கல் மாதிரி வரும்.

இந்த இரண்டுக்கும் உள்ள வித்தியாசம் முக்கியம். முதலாவது கட்டமைப்பின் குறை: அண்ணம் நீளம் போதவில்லை, அல்லது சரியாக அசையவில்லை. எவ்வளவு பயிற்சி கொடுத்தாலும் போகாது, பெரும்பாலும் இன்னொரு அறுவை சிகிச்சை வேண்டும். இரண்டாவது பழக்கத்தின் குறை. இதற்கு அறுவை சிகிச்சை உதவாது, பயிற்சிதான் மருந்து. பல குழந்தைகளிடம் இரண்டும் கலந்திருக்கும். எது எவ்வளவு என்று பிரித்துச் சொல்லத்தான் ஸ்பீச் தெரபிஸ்ட் வேண்டும்.

நல்ல வசதியுள்ள இடங்களிலும் முதல் வகை முழுசாக ஒழியவில்லை. 2023-இல் வெளியான ‘டாப்ஸ்’ ஆய்வில் ஐரோப்பாவிலும் தென் அமெரிக்காவிலும் 23 மையங்கள் கலந்துகொண்டன. அண்ணத்தில் மட்டும் பிளவுள்ள 558 குழந்தைகளில் ஒரு பாதிக்கு 6 மாதத்திலும், மறு பாதிக்கு 12 மாதத்திலும் அறுவை சிகிச்சை செய்தார்கள். ஐந்து வயதில் மெல்லண்ணம் சரியாக அடைக்காத நிலை முதல் குழுவில் 8.9 சதவீதம், இரண்டாவது குழுவில் 15 சதவீதம். தேர்ந்த கைகள் தைத்தும் இந்த நிலைமை. ஒன்றரை வயதில் தைத்து, பின்தொடராமல் விட்ட குழந்தைக்கு என்ன வாய்ப்பு இருந்திருக்கும் என்று நீங்களே யோசித்துக்கொள்ளுங்கள்.

*

இனி தொழில்நுட்பத்துக்கு வருகிறேன்.

பள்ளியில் சேர்த்த பிறகு டீச்சர் சொல்லித்தான் அக்கா ஒரு ஸ்பீச் தெரபிஸ்ட்டைத் தேடிப் போனாள். அரூர் பக்கத்துக் கிராமத்திலிருந்து சேலத்துக்கு இரண்டு பஸ். வாரம் ஒருநாள், 20 நிமிஷப் பயிற்சி, அதற்காக ஒரு முழு நாள் கூலி போகும். ஏழெட்டு வாரம் போனார்கள். பிறகு 2020 ஊரடங்கு வந்தது, அதுவும் நின்றது. அப்போதுதான் நான் ஹீரோவாக ஆசைப்பட்டேன். செல்போனில் பேச்சுப் பயிற்சி ஆப்களாகத் தேடித் தேடி இறக்கினேன். ஐந்து ஆப்களைப் பையனிடம் கொடுத்துப் பார்த்தேன். மூன்று விஷயங்கள் கண்ணில் பட்டன.

ஒன்று, ஊதுகிற விளையாட்டு. மைக்கில் ஊதினால் திரையில் காற்றாடி சுற்றும், மெழுகுவர்த்தி அணையும். பையனுக்கு ரொம்பப் பிடித்தது. ஒரு மாதத்தில் காற்றாடியை ஜோராகச் சுற்றினான். பேச்சில் ஒரு மாற்றமும் இல்லை. ஏன் என்று பிற்பாடுதான் தெரிந்தது. ஊதுவதும் பேசுவதும் வெவ்வேறு வேலைகள். ஊதிப் பழகுவதால் பேச்சு திருந்தாது என்று இந்தத் துறையில் ரொம்ப நாளாகவே சொல்லிவருகிறார்கள். ‘ப’ வர வேண்டும் என்றால் ‘ப’வைத்தான் பழக வேண்டும். இருந்தும் ஆப் செய்பவர்கள் ஊதலை விடுவதில்லை. மைக்குக்கு எளிதாக அகப்படுவது அதுதான் என்பதே காரணமாக இருக்கும் என்று நினைக்கிறேன். உதடு கேமராவுக்கு அகப்பட்டது போலத்தான் இதுவும்.

இரண்டு, மொழிபெயர்த்த சொற்கள். ‘தமிழிலும் உண்டு’ என்று போட்டிருந்த ஒரு ஆப்பில் ‘ப’ பழக மூன்று படங்கள்: பந்து, புத்தகம், வண்ணத்துப்பூச்சி. ஆங்கிலப் பட்டியலை அப்படியே தமிழாக்கியிருக்கிறார்கள் என்பது பார்த்தாலே தெரிந்தது. ஆங்கிலத்தில் மூன்றுமே ‘ப’ இனத்துச் சொற்கள், மூக்கொலி ஒன்றுகூட இல்லாதவை. தமிழில் பந்துவுக்கு நடுவில் ‘ந்’, புத்தகத்துக்குக் கடைசியில் ‘ம்’. வண்ணத்துப்பூச்சியில் ‘ண்ண’ என்று இரட்டையாக மூக்கு, அதோடு முதல் எழுத்தே ‘வ’. மூக்கை அடைத்துப் பேசப் பழகும் குழந்தைக்கு, அடைத்த அடுத்த நொடியே திறக்கச் சொல்லும் சொல்லைக் கொடுத்தால் என்ன பண்ணும்? தமிழில் பெயர்ச்சொற்களில் பாதி ‘ம்’மில் முடிகிற மாதிரி இருக்கிறது, அவன், இவன், நான், வந்தேன் எல்லாம் ‘ன்’னில் முடிகின்றன. அதனால் மூக்கொலியே இல்லாத சொற்களைத் தேடித்தான் எடுக்க வேண்டும். தேடினால் கிடைக்கும். ‘பாப்பா பாட்டு பாடு.’ ‘அக்கா தட்டுல தோசை போடு.’ ‘காக்கா கத்துது.’ இவற்றை மொழிபெயர்ப்பால் கொண்டுவர முடியாது. தமிழ் வீட்டில் உட்கார்ந்து எழுத வேண்டும்.

மூன்றாவதுதான் எனக்கு இன்றுவரை ஆறவில்லை. தீர்ப்புச் சொல்லும் ஆப்கள். ஒன்றில் சோதனைக்காக, பாப்பா படத்தைப் பார்த்து நானே ‘மாமா’ என்றேன். மூன்று நட்சத்திரம் கொடுத்தது! சத்தம் வந்ததா என்று மட்டும்தான் அதற்குக் கேட்கிறது. இன்னொன்று நேர் எதிர். பையன் என்ன சொன்னாலும் சிவப்பில் பெருக்கல் குறி, ‘மறுபடி முயற்சி செய்’. நாற்பது தடவை முயற்சி செய்தான். பிறகு போனைக் கவிழ்த்து வைத்துவிட்டு எழுந்து போய்விட்டான். அதற்கப்புறம் சில நாள் யாரிடமும் சரியாகப் பேசவே இல்லை.

பிற்பாடு சென்னையில் மூக்கு வழியாகச் சின்னக் கேமரா விட்டுப் பார்த்தார்கள். அவனுடைய அண்ணம் நீளம் போதவில்லை. அதாவது, ஆப் அவனிடம் நாற்பது தடவை கேட்டது அவனால் முடியவே முடியாத ஒன்றை. அதைக் கையில் கொடுத்து “சொல்லுடா, சொல்லு” என்று பக்கத்தில் நின்றது நான்.

*

இதனால் தொழில்நுட்பமே வேண்டாம் என்று சொல்லவில்லை. அந்தக் கேமராப் பரிசோதனைக்கு எங்களை அனுப்பியதும் ஒரு செல்போன்தான்.

ஊரடங்கில் சேலத்து மேடம் வாட்ஸ்அப் வீடியோ காலுக்கு மாறினார். முதல் வாரம் பையனைப் பேசவே சொல்லவில்லை. அக்காவுக்குப் பாடம் எடுத்தார். “நீங்க மூக்கைப் பிடிச்சுக்கிட்டு ‘பாப்பா’ சொல்லுங்க, விட்டுட்டுச் சொல்லுங்க. ரெண்டும் ஒண்ணாதான் கேக்குது, இல்லையா? இப்ப தம்பியைச் சொல்லச் சொல்லுங்க.” பையனுக்கு இரண்டும் வேறு வேறாகக் கேட்டது. மூக்கைப் பிடித்தபோது ‘பாப்பா’, விட்டபோது ‘மாம்மா’. காற்று மூக்கில் கசிகிறது என்று அக்கா அன்றைக்குத் தன் காதாலேயே தெரிந்துகொண்டாள். மூக்குக்குக் கீழே கண்ணாடி வைத்து ஆவி படிகிறதா என்று பார்க்கவும் சொல்லிக் கொடுத்தார். வீடியோ காலில் சத்தம் சுருங்கி வருகிறது, மெல்லிய கசிவைப் போன் இரைச்சல் என்று நினைத்து வெட்டிவிடுகிறது, அதனால் தனியாகப் பதிவு செய்து ஃபைலாக அனுப்புங்கள் என்றார். அந்தப் பதிவுகளைக் கேட்டுத்தான் “இது பயிற்சியில் மட்டும் தீராது, சென்னையில் காட்டுங்க” என்று சீட்டு எழுதினார்.

மூக்கிலும் வாயிலும் வரும் ஒலியைத் தனித்தனியாக அளக்கும் ‘நேசோமீட்டர்’ கருவியெல்லாம் இருக்கிறது. லட்சங்களில் விலை. எங்களுக்கு வேலை செய்தது ஒரு சாதாரணப் போன், ஒரு கண்ணாடி, ஒரு பயிற்சி பெற்ற காது, வீட்டில் பழக்கப்பட்ட இன்னொரு காது. வித்தியாசம் கருவியில் இல்லை. ஆப், தெரபிஸ்ட் இருக்க வேண்டிய இடத்தில் தான் உட்காரப் பார்த்தது. வீடியோ கால் தெரபிஸ்ட்டை வீட்டுக்குக் கொண்டுவந்தது.

இதைப் பெரிய அளவில் செய்தவர்கள் நம் ஊரிலேயே இருக்கிறார்கள். சென்னை ஸ்ரீ ராமச்சந்திரா, கனடாவின் ‘ட்ரான்ஸ்ஃபார்மிங் ஃபேசஸ்’ என்ற தொண்டு நிறுவனத்தோடு சேர்ந்து, திருவண்ணாமலை, கடலூர் மாவட்டங்களில் கிராமத்துப் பணியாளர்களுக்கே பயிற்சி கொடுத்தது. அவர்கள் பிளவுள்ள குழந்தைகளின் வீட்டுக்குப் போய்ப் பேச்சுப் பயிற்சி கொடுப்பார்கள். தெரபிஸ்ட்டுகள் திட்டம் போட்டு மேற்பார்வை செய்வார்கள். அந்தப் பணியாளருக்கு அந்த ஊர்ப் பேச்சே வரும் என்பது சின்ன விஷயம் இல்லை. கணினி ஆராய்ச்சியும் நடக்கிறது. ஐஐடி குவாஹாட்டி ஆராய்ச்சியாளர்களும் மைசூர் அகில இந்திய பேச்சு செவித்திறன் நிறுவனத்தாரும் பிளவுள்ள கன்னடக் குழந்தைகளின் பேச்சைப் பதிவு செய்து, மூக்கொலியைக் கணினியால் கணிக்க முயன்றிருக்கிறார்கள். இப்படிப்பட்ட கருவி எந்தக் குழந்தையைச் சீக்கிரம் பார்க்க வேண்டும் என்று தெரபிஸ்ட்டுக்குச் சொன்னால் பெரிய உதவி. நேராகக் குழந்தையிடம் போய்ப் பெருக்கல் குறி போட்டால் பழைய கதைதான்.

‘ஸ்மைல் ட்ரெய்ன்’கூட இப்போது பேச்சுப் பயிற்சிக்கும் பணம் கொடுக்கிறது. அந்த மாற்றத்தைச் சொல்லாமல் விடுவது நியாயமில்லை. அரசுப் பக்கமும் சட்டகம் இருக்கிறது. 2013-இல் வந்த தேசியக் குழந்தைகள் நலத் திட்டத்தின் 30 குறைபாடுகள் பட்டியலில் பிளவு உண்டு. அதன் கீழ் வரும் மாவட்ட ஆரம்பநிலை இடையீட்டு மையங்களில் பேச்சுப் பயிற்சியாளர் இருக்க வேண்டும் என்பது விதி. தமிழ்நாட்டில் ‘மக்களைத் தேடி மருத்துவம்’ 2021-இலிருந்து பிசியோதெரபியை வீட்டுக்கே கொண்டுபோகிறது. முழங்காலுக்கு வீடு தேடி வர முடியும் என்றால் அண்ணத்துக்கும் வர முடியும். வாரம் அரை மணி நேரம், மாவட்ட மையத்திலிருந்து ஒரு வீடியோ கால், கிராமத்தில் பக்கத்தில் உட்கார ஒரு செவிலியர் அல்லது அங்கன்வாடிப் பணியாளர். புதிதாக ஒரு கருவியும் கண்டுபிடிக்கத் தேவையில்லை.

*

சரி, ‘ஸ்மைல் பிங்கி’மேல் எனக்கு வந்த எரிச்சல் நியாயமா? பாதி நியாயம் என்று நினைக்கிறேன். ஒரு சிறுமியின் உதட்டைப் பற்றிய படத்திடம் எல்லாக் குழந்தைகளின் அண்ணத்தையும் பற்றிக் கேட்பது அதிகப்படி. ஆனால் அந்தப் படத்தைப் பார்த்த நாங்கள், எங்கள் பையனைத் தைத்து முடித்த அன்றைக்கே கதை முடிந்துவிட்டது என்று நினைத்தோம். அந்த நினைப்பில் அந்தப் படத்துக்கும், அதைச் சுற்றி வந்த விளம்பரங்களுக்கும் பங்கு உண்டு. அவற்றுக்கு மட்டுமில்லை, சிரித்த எங்களுக்கும்தான்.

பையனுக்கு ஏழு வயதில் இரண்டாவது அறுவை சிகிச்சை நடந்தது. அதற்குப் பிறகு பத்து மாதம் வாராவாரம் வீடியோ கால். தொண்டையில் வெட்டும் பழக்கம் போக அவ்வளவு நாள் ஆனது. ஒருநாள் அரூர் பஸ் ஸ்டாண்டில் கூட்டத்துக்கு நடுவில் “அப்பா!” என்று கத்தினான். அக்கா வீட்டுக்காரர் திரும்பிப் பார்த்து, “என்னடா, ஏன் கத்துற?” என்றார். அவ்வளவுதான். இப்பவும் அவசரமாகப் பேசினால் ‘ஸ’வில் காற்று கசியும். பஸ் என்பதை வேண்டுமென்றே ‘வண்டி’ என்கிறான்.

அக்காவும் நானும் சேர்ந்து மூக்கொலி இல்லாத தமிழ்ச் சொற்களை ஒரு நோட்டில் எழுதி வருகிறோம். படம் வரையக்கூடிய, ஆறு வயசுக் குழந்தைக்குத் தெரிந்த சொற்கள்தான் வேண்டும். தட்டு, சட்டை, கதவு, படகு, கரடி, பூட்டு, பாக்கு, தொப்பி என்று எண்பதைத் தாண்டியிருக்கிறது. மேடம் ஒவ்வொன்றையும் பார்த்து, இது முதல் மாதத்துக்கு, இது பிறகு என்று வரிசைப்படுத்தித் தருகிறார். உங்கள் ஊர்ப் பேச்சில் அப்படி ஏதாவது சொல் தோன்றினால் எழுதுங்கள். ஒரே நிபந்தனை: அதில் ங, ஞ, ண, ந, ம, ன எதுவும் இருக்கக் கூடாது. சொல்லிப் பார்த்தால் தெரியும், அது அவ்வளவு சுலபமில்லை.